கூட்டக் குறிப்பு எழுதுகிறவள்

யார்க்‌ஷயரின் கிழக்கு ஓரம். களிமண் மேட்டில் ஸ்கெல்பி.
மாதம் ஒரு கூட்டம், ஏழு நாற்காலி,
ஒரு பக்கம் மட்டும் சுடுகிற ஹீட்டர்.
குறிப்பு எழுதுகிறவள் ஹில்டா பிளென்கின்.
முப்பத்தொரு வருஷமாக அவள் வேலை
ஊர் குறைவதற்குத் தோதான வினைச்சொல் பொறுக்குவது.

எல்லாக் குறைவும் ஒரே குறைவல்ல என்பாள்.
டுவிண்டில் என்றால் எண்ண முடிய வேண்டும்:
பேருந்துக்கு நிற்கிறவர்கள்,
ஞாயிற்றுக்கிழமை பெஞ்சுகளில் தெரியும் தலைகள்,
நண்டுக் கூடை போடுகிற படகுகள்.
பாதிரியார் ஒருமுறை
தன்னையே அந்தச் சொல்லால் சொல்லிக்கொண்டார்.
அடித்துவிட்டாள்.
"நீங்கள் ஒருவர்தானே ஐயா,
ஒன்றிலிருந்து எங்கே குறைவது?"

வேன் நிலவுடையது.
தேய்ந்தது வளரும் என்ற உத்தரவாதத்தோடு வருகிற சொல்.
பள்ளிச் சேர்க்கை வேன் ஆகிறது என்று
மாவட்டத்திலிருந்து கடிதம் வந்தபோது
ஓரத்தில் பென்சிலால் கேட்டிருக்கிறாள்:
பௌர்ணமி எப்போது?

எப், கடலுக்கு.
ஹல் மருத்துவமனையில் செவிலி ஒருத்தி
அவள் கணவனின் பலம் எப் ஆகிறது என்றாள், மெதுவாக.
நல்ல பெண். கெட்ட எண்ணமில்லை.
ஹில்டா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.
கரையில் பிறந்தவள்,
ஆறு மணி நேரம் எண்ணினாள்.
பிறகு இன்னொரு ஆறு.

பீட்டர் அவுட் இந்த ஊரில் செல்லாது.
பீட்டர் மெட்ஃபோர்த் இருக்கிறார், இரண்டாம் நாற்காலி.
பாதை பீட்டர் அவுட் ஆகிறது,
மழை பீட்டர் அவுட் ஆனது,
யார் சொன்னாலும் கை உயரும்:
"ஆட்சேபணை. நான் இங்கேதான் இருக்கிறேன்."
முதல் தடவை சிரித்தார்கள்.
நாற்பதாவது தடவையும், கொஞ்சம்.

அப்புறம் தெல்மா கோல்ட்ராப்பின் தோட்டம் போனது.
ஒரு செவ்வாய்க்கிழமை இரவு,
துணி காயப்போடும் கம்பத்தோடு,
துணியோடு.
வீட்டிலிருந்து விளிம்புக்குப் பதினோரு அடி.
இன்ஷூரன்ஸ் படிவத்தில் ஒரு கோடு:
நிலத்துக்கு என்ன நேர்ந்தது?
சப்சைட் என்றால் நிலம் தானாகக் கீழே அமர்ந்தது.
அதற்குப் பணம் உண்டு.
எரோட் என்றால் கடல் பக்கத்திலிருந்து தின்றது.
அதற்கு இல்லை.
ஒரு சொல்லுக்கும் இன்னொரு சொல்லுக்கும் நடுவில்
எண்பதாயிரம் பவுண்டு.

யாரும் பேசவில்லை.
ஹீட்டர் சுடாத பக்கம் இருந்தவர்கள்கூட
நாற்காலியை நகர்த்தவில்லை.
முப்பத்தொரு வருஷத்தில் முதல் தடவையாக ஹில்டா
தெரிந்தே தப்பான வினைச்சொல்லை எழுதினாள்.
எழுத்து வழக்கத்தைவிட அழகாக இருந்தது.

பார்வையிட வந்த இளைஞன்
பளபளக்கும் காலணியோடு விளிம்புவரை போனான்.
எட்டிப் பார்த்தான்.
கீழே அலையில் துணிக் கம்பம்,
அதில் இன்னும் ஒரு தலையணை உறை.
சிரித்துவிட்டான், பாவம், பயத்தில்.
சிரிப்பு மெல்ல அடங்கியது.
சிரிப்புக்கு சப்சைட் பொருந்தும் என்று
தெல்மாவின் சமையலறை ஜன்னலில் நின்றபடி
ஹில்டா நினைத்துக்கொண்டாள்.
நிலத்துக்கு அவன் எழுதியது மற்றதை.

மார்ச் கூட்டத்தில் ஆறு நாற்காலி.
பீட்டர் மெட்ஃபோர்த் மகளோடு லீட்ஸுக்குப் போய்விட்டார்,
நாயையும் கூட்டிக்கொண்டு.
மூன்றாம் பொருள்: கடலுக்கு இறங்கும் பாதை.
எங்கே முடிகிறது என்று பலகை வைக்க வேண்டும்,
வாசகம் ஹில்டா சொல்லட்டும் என்றார்கள்.

பொருத்தமான சொல் ஒன்றுதான் இருந்தது.
ஆட்சேபிக்க ஆளில்லை.
முதல் எழுத்தைப் போட்டாள்.
இரண்டாம் நாற்காலியை ஒருமுறை பார்த்தாள்.
ஒரு கை உயரத் தேவையான நேரம் காத்திருந்தாள்.

அடித்துவிட்டு எழுதினாள்:
இதற்கு மேல் பாதை இல்லை.